சூப்பு என்று சொல்லிவிட்டாரே!

நடுவர் அவர்களுக்கும் அவைக்கும் வணக்கம். கடல் கடந்த போர்த்துகீசியரின் அடையாளத்தைக் காப்பது வீட்டு மொழியா, ஊர்த் திருவிழாவா? நான் திருவிழா கட்சி.

எதிரணித் தலைவர் போகிறபோக்கில் ஒன்று சொன்னார். "அமெரிக்காவில் இருக்கிற அசோர்ஸ் தீவுக்காரர்களின், அதாவது அட்லாண்டிக் கடலில் இருக்கும் போர்த்துகல் தீவுகளிலிருந்து வந்தவர்களின், பேரப்பிள்ளைகளுக்குப் போர்த்துகீசியம் வராது. பெந்தக்கோஸ்து, அதுதான் தூய ஆவியார் திருவிழா, வந்தால் மட்டும் மண்டபத்துக்குப் போய் ஓசிச் சூப்புக் குடிக்கிறார்கள். இதுவா சமூகம்?" நீங்களும் கைதட்டிவிட்டீர்கள்.

ஓசிச் சூப்பா ஐயா? மொழி பிறகு. முதலில் அந்த அண்டாவுக்குள் எட்டிப் பார்ப்போம், வாருங்கள்.

அதற்குப் பேர் சோப்பாஸ். எலும்போடு சேர்ந்த மாட்டிறைச்சி, பெரிய பெரிய துண்டு. வெங்காயம், பூண்டு, தக்காளி, கொஞ்சம் ஒயின். பட்டை, சீரகம், பிரிஞ்சி இலையைத் துணியில் முடிச்சுக் கட்டி உள்ளே இறக்குவார்கள். ஏன் முடிச்சு? நூற்றுக்கணக்கான பேர் சாப்பிடும் பந்தியில் ஒரு குழந்தை வாயிலும் பட்டை கடிபடக் கூடாது. தீயைக் கூட்டினால் இறைச்சி விறைக்கும், சாறு கலங்கும். அதனால் சிறு தீயில் நாலைந்து மணி நேரம். முட்டைக்கோஸ் கடைசியில்தான்.

சங்கதி இனிமேல்தான். அகலப் பாத்திரத்தில் ரொட்டியை அடுக்குகிறார்கள். எந்த ரொட்டி? இன்று சுட்டதா? கூடவே கூடாது! நேற்றைய ரொட்டி. புது ரொட்டியில் சாற்றை ஊற்றினால் களியாகிவிடும். காய்ந்த ரொட்டிதான் அத்தனை சாற்றையும் குடித்துவிட்டு உருக்குலையாமல் நிற்கும். அதன்மேல் புதினாக் கொத்து, அதன் தலையில் கொதிக்கக் கொதிக்கச் சாறு. புதினாவை அண்டாவிலேயே போட்டால் மணம் போச்சு! துணியால் மூடி ஐந்து நிமிடம். திறந்தால் மண்டபமே மணக்கும். இதைத்தான் நண்பர் சூப்பு என்கிறார்.

ஓசி என்றாரே, ஆமாம், காசு வாங்க மாட்டார்கள். போர்த்துகல் நாட்டு இசபெல் அரசி தன் கிரீடத்தைத் தூய ஆவியாருக்கு நேர்ந்துகொண்டு ஏழைக்குச் சோறு போட்டாள் என்பது அவர்கள் நம்பிக்கை. அவள் மறைந்தது 1336-ல். அந்த நேர்த்திக்கடன் இன்றும் பந்தியில் தீர்கிறது. வாசலுக்கு வந்தவரை யார், எவர் என்று கேட்பதில்லை.

அந்தக் கிரீடத்தின் நினைவாக ஊரார் வைத்திருக்கும் வெள்ளிக் கிரீடம் கோயில் பெட்டியில் தூங்குவதும் இல்லை. ஈஸ்டருக்குப் பிறகு ஏழு வாரம், குலுக்கலில் பேர் விழுந்த ஏழு வீடு. வாரம் ஒரு வீட்டில் பூவும் மெழுகுவர்த்தியுமாக வீற்றிருக்கும். சாயங்காலம் அக்கம்பக்கத்தார் கூடிச் செபமாலை சொல்வார்கள். பாட்டி போர்த்துகீசியத்தில் ஆரம்பிப்பாள், பேத்தி அதே மொழியில் முடிப்பாள். நண்பர் தேடுகிற மொழி அங்கேதான் இருக்கிறது. அதை வீட்டுக்குள் கொண்டுவந்து விட்டதே திருவிழாதான்!

இவர்கள் ஏன் கடல் கடந்தார்கள்? 1957 செப்டம்பரில் அசோர்ஸ் தீவுகளில் ஒன்றான ஃபயாலில் கப்பெலின்யோஸ் எரிமலை வெடித்தது. பதின்மூன்று மாதம் ஓயவில்லை. கலங்கரை விளக்கத்தின் கீழ்த்தளமே சாம்பலில் புதைந்தது. கூரைகள் சரிந்தன, வயல்கள் போயின. 1958-ல் அமெரிக்கா தனிச் சட்டம் போட்டு 1,500 குடும்பத் தலைவர்களுக்கு விசா கொடுத்தது. அப்பன் கையைப் பிடித்துக்கொண்டு வந்த பிள்ளைகளில் சிலருக்குத் திரும்பிப் போய்ப் பார்க்க ஒரு நிலைப்படி கூட மிச்சமில்லை.

அந்தப் பிள்ளை இன்றைக்குப் பாட்டி. மாசசூசெட்ஸில் ஃபால் ரிவர் ஊர்க் கோயில். பாதிரியார் வெள்ளிக் கிரீடத்தை எடுத்துப் பேத்தியின் தலையில் வைக்கிறார். கிரீடம் பெரிசு, தலை சிறிசு. சரிந்துவிடாமல் பின்னாலிருந்து பாட்டி இரண்டு கையாலும் தாங்கிக்கொள்கிறாள்.

நடுவர் அவர்களே, எதிரணி நண்பரை அந்தக் கையைப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். வணக்கம்.