பாட்டை அனுப்புவதா, லிங்கை அனுப்புவதா?

நேயர்களுக்கு வணக்கம்.

இணையத்தில் பாட்டைப் பகிர்வது சரியா, தவறா என்று கேட்டால் ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. அந்தக் கேள்விக்குள் நாலைந்து வேறு வேறு காரியங்கள் கலந்து கிடக்கின்றன. நண்பருக்கு ஒரு பாட்டின் லிங்கை அனுப்புவது ஒன்று. எம்பி3 கோப்பையே அனுப்புவது வேறு. அதை 1,024 பேர் வரை சேரக்கூடிய வாட்ஸ்அப் குழுவில் போடுவது, டெலிகிராம் சேனலில் ஆல்பம் ஆல்பமாக அடுக்கி வைப்பது, டோரண்ட்டில் விடுவது, நாம் எடுத்த வீடியோவுக்குப் பின்னணியாகச் சேர்ப்பது என்று ஒவ்வொன்றிலும் யாருக்கு என்ன நஷ்டம் என்பது மாறிக்கொண்டே போகிறது. எல்லாவற்றையும் "திருட்டு" என்று ஒரே கோணிப்பையில் போட்டுக் கட்டுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. "நெட்டில் இருப்பதெல்லாம் பொதுச்சொத்து" என்கிறவர்களோடும் இல்லை. நான் பார்ப்பது ஒன்றைத்தான்: நாம் அனுப்புகிற பொருளில் அந்தப் பாட்டை உண்டாக்கியவரின் பெயர் இருக்கிறதா, ஒருவர் கேட்டார் என்ற கணக்கு அவரைப் போய்ச் சேருமா?

அந்த "அவர்" யார் என்பதில்தான் முதல் குழப்பம். காதுக்கு ஒன்றாகக் கேட்கிற பாட்டில் சட்டத்தின் கண்ணுக்கு இரண்டு சொத்துகள் இருக்கின்றன. வரிகளும் மெட்டும் சேர்ந்த படைப்பு ஒன்று. குறிப்பிட்ட ஒரு குரலில், குறிப்பிட்ட ஒரு நாளில் பதிவான ஒலி இன்னொன்று. படைப்பு பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும், அல்லது அவர்கள் உரிமையை எழுதிக் கொடுத்த நிறுவனத்துக்கும் உரியது. ஒலிப்பதிவு பெரும்பாலும் பணம் போட்டுப் பதிவு செய்தவருக்கு. பாடியவருக்கும் வாசித்தவருக்கும் இவற்றை ஒட்டித் தனியாக ஓர் உரிமை உண்டு. 1961இல் கையெழுத்தான ரோம் உடன்படிக்கை அதற்கு உலக அளவில் இடம் கொடுத்தது. அடையாள எண்கள்கூட வேறு வேறு. ஒலிப்பதிவுக்கு ஐ.எஸ்.ஆர்.சி. என்ற, எழுத்தும் எண்ணும் கலந்த 12 இடக் குறியீடு. படைப்புக்கு ஐ.எஸ்.டபிள்யூ.சி. ஒரே பாட்டை ஐந்து பேர் தனித்தனியாகப் பாடிப் பதிவு செய்தால் இரண்டாவது எண் ஒன்றுதான், முதலாவது ஐந்து.

"எப்படியும் கம்பெனிதான் பணத்தை எடுத்துக்கொள்கிறது, பாடினவருக்கு என்ன போகிறது?" என்ற வாதத்தை அடிக்கடி கேட்கிறோம். இதில் பாதி உண்மை இருக்கிறது. ஒரு நாள் கூலிக்கு வந்து வயலின் வாசித்துவிட்டுப் போன கலைஞருக்குப் பல ஒப்பந்தங்களில் அதற்குமேல் ஒன்றும் வருவதில்லை. அமெரிக்காவில் ஏ.எம்., எஃப்.எம். வானொலி ஒரு பாட்டைப் போட்டால் எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் பணம் போகும், பாடியவருக்குப் போகாது. அங்கே சட்டமே அப்படி. ஆனால் மறுபாதியைப் பாருங்கள். பாடலாசிரியரின் பங்கு பல நாடுகளில் கம்பெனி வழியாக வருவதில்லை, உரிமைத்தொகையை வசூலித்துப் பிரித்துக் கொடுக்கும் சங்கங்கள் வழியாகத் தனியாக வருகிறது. கம்பெனி மேல் உள்ள கோபத்தில் கோப்பைப் பரப்பும்போது, கம்பெனியோடு சேர்ந்து அந்தப் பங்கும் அடிபடுகிறது. ஒப்பந்தம் அநியாயம் என்றால் அதைப் பற்றி உரக்கப் பேச வேண்டியதுதான். அதை நம் டவுன்லோடுக்குச் சாக்காக வைத்துக்கொள்வது எனக்கு ஒப்பவில்லை.

ஸ்ட்ரீமிங் கணக்கையும் கொஞ்சம் தெரிந்துகொண்டால் நல்லது. ஒரு முறை கேட்டால் இவ்வளவு என்று நிலையான கட்டணம் பெரும்பாலான சேவைகளில் கிடையாது. மாத வருமானத்தில் உரிமையாளர்களுக்கென்று ஒதுக்கிய தொகையை, மொத்தம் கேட்கப்பட்டதில் யாருக்கு எத்தனை சதவீதம் என்று பார்த்துப் பிரிக்கிறார்கள். ஸ்பாட்டிஃபையில் 30 வினாடி ஓடினால்தான் ஒரு முறை கேட்டதாகக் கணக்கு. 2024 முதல் இன்னொரு நிபந்தனையும் சேர்ந்திருக்கிறது: முந்தைய 12 மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாட்டின் ஒலிப்பதிவுக்குப் பங்கே இல்லை. பெரிய நட்சத்திரத்துக்கு இது ஒரு பொருட்டில்லை. சொந்தக் காசில் பதிவு செய்து வெளியிட்ட புதுக் குழுவுக்கு இதுதான் வாசற்படி. அவர்கள் பாட்டின் கோப்பு ஆயிரம் கைகளுக்குப் போனாலும் கணக்கில் ஏறுவது பூஜ்யம். அதே ஆயிரம் பேருக்கு லிங்க் போயிருந்தால் படியைத் தாண்டியிருப்பார்கள்.

இனி கோப்புக்கு வருவோம். எம்பி3 கோப்பில் பாட்டைப் பற்றிய விவரம் எழுதி வைக்க ஓர் இடம் உண்டு. ஐடி3 டேக் என்பார்கள். 1996இல் வந்த முதல் வடிவத்தில் அது கோப்பின் கடைசி 128 பைட்டில் அடங்கும். பாட்டின் பெயருக்கு 30, கலைஞர் பெயருக்கு 30, ஆல்பத்துக்கு 30, ஆண்டுக்கு 4, குறிப்புக்கு 30, வகைக்கு 1. "இதுதான் டேக்" என்று காட்டும் மூன்று எழுத்தையும் சேர்த்தால் கணக்கு முடிந்தது. பாடலாசிரியருக்கு அதில் இடமே இல்லை. இசையமைப்பாளருக்கும் இல்லை. தமிழ் பாட்டுக்கு இன்னும் மோசம்: யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் 3 பைட் எடுக்கும், "கி" போல் குறி சேர்ந்தால் 6. முப்பது பைட்டில் ஆறேழு எழுத்தோடு பெயர் அறுந்துபோகும். பின்னால் வந்த இரண்டாம் வடிவத்தில் எழுதியவர், இசையமைத்தவர், ஐ.எஸ்.ஆர்.சி. எண் எல்லாவற்றுக்கும் தனித்தனி இடம் இருக்கிறது. இருந்தும், யூடியூப் வீடியோவிலிருந்து ஒலியை உருவித் தரும் தளங்கள் அங்கே எழுதுவது வீடியோவின் தலைப்பையும் சேனலின் பெயரையும்தான். அந்தக் கோப்பு பத்துக் கை மாறியபின், யாரோ பதிவேற்றியவரின் புனைபெயர் கலைஞரின் இடத்தில் உட்கார்ந்திருக்கும்.

ஒலியும் தப்பாது. உருவிய கோப்பில் "320 கேபிபிஎஸ்" (வினாடிக்கு 320 கிலோபிட்) என்று போட்டிருப்பதை நம்பி ஏமாறாதீர்கள். மூலம் 128 அளவில் சுருக்கப்பட்டது என்றால், அதை 320க்கு மாற்றுவதால் போன ஒலி திரும்பாது. நான்கு நிமிடப் பாட்டு 3.8 எம்பியிலிருந்து 9.6 எம்பியாக ஊதிப்போகும், அவ்வளவுதான். ஆடாசிட்டி மென்பொருளில் திறந்து, ஒலியின் அதிர்வெண்களைப் படமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராம் காட்சியைப் பாருங்கள். பெரும்பாலும் 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே கத்தரித்த மாதிரி வெறுமையாக இருக்கும். கலைஞர் வெளியிட்டது அந்த ஒலி அல்ல. அவர் பெயரில் நாம் பரப்புவது அது.

டோரண்ட் பற்றி ஒரு விளக்கம் மட்டும். "நான் இறக்கிக்கொள்ளத்தானே செய்தேன், யாருக்கும் கொடுக்கவில்லையே" என்பது அங்கே செல்லாது. கோப்பு துண்டு துண்டாக வரும்; வந்து சேர்ந்த துண்டை உங்கள் கணினி அப்போதே மற்றவர்களுக்கு அனுப்பத் தொடங்கிவிடும். அந்த முறையே அப்படித்தான் இயங்குகிறது. கேட்பவரும் விநியோகிப்பவரும் ஒரே ஆள்.

நம்மிடையே உலவும் சில நம்பிக்கைகளையும் சொல்ல வேண்டும். 30 வினாடிக்குள் என்றால் தப்பில்லை என்ற விதி இந்தியச் சட்டத்திலும் இல்லை, அமெரிக்கச் சட்டத்திலும் இல்லை. "உரிமை மீறும் நோக்கம் இல்லை", "எல்லா உரிமையும் அவர்களுக்கே" என்று விவரப்பகுதியில் எழுதுவது அனுமதி ஆகாது. சொந்தக்காரர் யாரென்று தெரிந்தே எடுத்தேன் என்பதற்குச் சாட்சியாகத்தான் ஆகும். சிறிய வட்டத்துக்குள் சி என்ற குறி இல்லாவிட்டால் உரிமை இல்லை என்பதும் தவறு. பதிவு செய்யாமலே, குறி போடாமலே உரிமை பிறக்கிறது என்பது பதிப்புரிமை பற்றி 1886இல் உருவான பெர்ன் உடன்படிக்கையில் 1908ஆம் ஆண்டுத் திருத்தம் முதல் இருந்து வரும் விதி. சுருதியைச் சற்று ஏற்றியோ வேகத்தை மாற்றியோ போட்டுவிட்டால் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்பது தந்திரம், நியாயம் அல்ல. அதோடு, பாடியவர் குரலையே கெடுத்துவிடுகிறீர்கள். விமர்சனத்துக்காக ஒரு பகுதியை எடுத்தாள்வதற்குப் பல நாடுகளில் இடம் உண்டு. அங்கே பார்ப்பது வினாடிக் கணக்கை மட்டும் அல்ல: நீங்கள் பேசும் விஷயத்துக்கு அந்தப் பகுதி தேவைதானா, கேட்டபின் மூலத்தைத் தேடிப் போகும் தேவை கேட்பவருக்கு மிச்சம் இருக்கிறதா?

பழைய இசைத்தட்டுகள்தான் உண்மையிலேயே சிக்கலான இடம். எந்தக் கடையிலும் இல்லை, எந்தச் செயலியிலும் இல்லை, வைத்திருப்பவர் வீட்டில் பூஞ்சை பிடித்துக்கொண்டிருக்கிறது. அதை டிஜிட்டலாக்கி ஏற்றினால் குற்றமா? இங்கே சட்டம் ஒன்று சொல்லும், மனசாட்சி இன்னொன்று சொல்லும். படைப்பு, ஒலிப்பதிவு என்ற இரண்டு அடுக்கையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். இந்தியச் சட்டத்தில் ஒலிப்பதிவுக்கு வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டு; வரிக்கும் மெட்டுக்கும் அவற்றை எழுதியவர் இறந்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. 1960இல் வெளியான தட்டின் ஒலிப்பதிவு உரிமை 2020 முடிவோடு முடிந்தது. ஆனால் பாடலாசிரியர் 1990இல் மறைந்தவர் என்றால் வரிகளின் உரிமை 2050 முடியும்வரை நிற்கும். தட்டின் உறையைப் பார்த்து ஆண்டைக் கழித்துக்கொள்பவர்கள் தவறுவது இந்த இடத்தில்தான். நாட்டுக்கு நாடும் மாறும். அமெரிக்காவில் 1923 முதல் 1946 வரை வெளியான ஒலிப்பதிவுகளுக்கு 100 ஆண்டு. 1923ஆம் ஆண்டுத் தட்டுகள் அங்கே 2024 ஜனவரி 1இல்தான் பொதுவுக்கு வந்தன. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒலிப்பதிவுக்குப் பொதுவாக 70 ஆண்டு, அதுவும் 1963க்கு முன் வெளியாகிக் காலம் முடிந்தவற்றுக்குத் திரும்ப உயிர் வராது.

காலம் முடியாத, ஆனால் எங்குமே கிடைக்காத தட்டு என்றால்? தட்டைக் காப்பாற்றுவதையும் பரப்புவதையும் பிரித்துப் பாருங்கள் என்பேன். டிஜிட்டலாக்கி வைப்பதை இன்றே செய்யலாம், செய்யவும் வேண்டும்: 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில், இரைச்சல் நீக்காத மூலப் பிரதி ஒன்று, தட்டின் நடுவில் ஒட்டிய தாளின் படம், அந்தத் தாளை ஒட்டித் தட்டில் பொறித்த எண். பொதுவில் ஏற்றுவது அடுத்த கட்டம். அதற்கு முன் உரிமையாளரைத் தேட வேண்டும், தேடியதை எழுதி வைக்க வேண்டும், யாராவது வந்து எடுக்கச் சொன்னால் மறுபேச்சில்லாமல் எடுக்கத் தயாராக இருக்க வேண்டும். அப்படி ஏற்றுபவரையும், நேற்று வெளியான ஆல்பத்தை இரவோடு இரவாக ஏற்றுபவரையும் நான் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். விளம்பர வருமானம் பார்த்தால் மட்டும் அந்தச் சலுகை போய்விடும்.

மறுபக்கம், நியாயமாக நடந்தவரும் மாட்டிக்கொள்வதுண்டு. தியாகராஜர் மறைந்தது 1847இல். அவர் கிருதிகளுக்கு இன்று யாரும் உரிமை கொண்டாட முடியாது. அதை நீங்களே பாடி யூடியூபில் ஏற்றினாலும், வேறொருவரின் பதிவோடு ஒத்துப்போகிறது என்று தானியங்கி முறை உரிமை கோரலாம். அதற்கு கன்டென்ட் ஐடி என்று பெயர். பயந்து வீடியோவை நீக்கிவிடாதீர்கள். உரிமைக்கோரல் வேறு, சேனலின் மேல் விழும் எச்சரிக்கையான ஸ்ட்ரைக் வேறு. உரிமைக்கோரல் என்றால் விளம்பரப் பணம் அவர்களுக்குப் போகும், அல்லது வீடியோ மறைக்கப்படும். கணக்குக்குக் கெடுதல் இல்லை. மறுப்புத் தெரிவித்தால் கோரியவருக்கு 30 நாள் அவகாசம். பதில் இல்லையென்றால் கோரல் தானாக விழுந்துவிடும். நிராகரித்தால் மேல்முறையீடு செய்யலாம், அதற்கு 7 நாள். இதில் எந்தக் கட்டத்திலாவது அவர்கள் முறைப்படி நீக்கக் கேட்டால்தான் ஸ்ட்ரைக். 90 நாளுக்குள் மூன்று விழுந்தால் சேனலே போகும். மறுப்பில் "இது என் சொந்தப் பாட்டு" என்று எழுதுவதால் வேலைக்கு ஆகாது. படைப்பு உரிமைக்காலம் முடிந்து பொதுவுக்கு வந்தது, ஆசிரியர் மறைந்த ஆண்டு இது, பதிவு செய்தது நான், வாசித்தவர்கள் இவர்கள் என்று இரண்டு அடுக்குக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுங்கள்.

பின்னணிக்கு இசை வேண்டுவோருக்கு, ஆக்கியவரே சில நிபந்தனைகளோடு முன்கூட்டி அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் இருக்கின்றன, ஆறு வகை. அதில் ஒரு பொறி உண்டு. "மாற்றக்கூடாது" என்ற நிபந்தனையுள்ள இசையை வெட்டாமல், ஒட்டாமல் முழுசாகத்தானே போடுகிறேன் என்று வீடியோவுக்குப் பயன்படுத்துகிறார்கள். நகரும் படத்தோடு இசையைப் பொருத்துவதே மாற்றம் செய்வதாகத்தான் அந்த உரிமம் கொள்கிறது, ஆக, கூடாது. பெயர் குறிப்பிடும்போது பாட்டின் தலைப்பு, ஆக்கியவர், எடுத்த இடத்தின் லிங்க், உரிமத்தின் பெயர் ஆகிய நான்கும் வேண்டும். "இசை: இணையம்" என்று போடுகிறவர்களை என்ன சொல்வது!

கடைசியாக, அனுமதி கேட்பது. பலர் கேட்காமலே விடுவது, எப்படிக் கேட்பது என்று தெரியாததால்தான். கடிதம் நாலைந்து வரி போதும். எந்தப் பாட்டு, எந்தப் பதிவு, எத்தனையாவது வினாடியிலிருந்து எத்தனையாவது வினாடி வரை, எந்தத் தளத்தில், எவ்வளவு காலத்துக்கு, அதில் வருமானம் உண்டா இல்லையா. இதை இரண்டு பேருக்கு அனுப்ப வேண்டும்: படைப்பின் உரிமையாளருக்கு ஒன்று, ஒலிப்பதிவின் உரிமையாளருக்கு ஒன்று. ஸ்ட்ரீமிங் செயலிகளில் பாட்டின் விவரப் பக்கத்தைத் திறந்தால் எழுதியவர் பெயரும் வெளியிட்ட நிறுவனத்தின் பெயரும் பெரும்பாலும் இருக்கும். தேடத் தொடங்க அது போதும். ஒருவர் மட்டும் சரி என்றால் பாதி அனுமதிதான் கிடைத்திருக்கிறது. சொந்தமாக வெளியிடும் கலைஞர் என்றால் இரண்டு உரிமையும் பெரும்பாலும் அவரிடமே இருக்கும், ஒரே மின்னஞ்சலில் வேலை முடியும். அவர்களில் பலர் பெயர் போட்டால் போதும் என்று சந்தோஷமாகவே கொடுப்பார்கள். பதில் வராததைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு வாரம் கழித்து ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் வேறு இசையைத் தேடிக்கொள்ளுங்கள்.

வணக்கம்.