மரம் அறுக்கும் மிஷின் ஏன் எகிறுகிறது?

[காட்சி: கோத்தகிரி பக்கம் ஒரு வீட்டின் பின்புறக் கொட்டகை. தரையில் ரீப்பர்கள் (ஓட்டைத் தாங்கும் மெல்லிய மரச் சட்டங்கள்), ஒரு கற்பூர மரப் (யூகலிப்டஸ்) பலகை. மேசைமேல் ஒரு சர்குலர் சா (கையில் பிடித்து மரம் அறுக்கும் வட்ட பிளேடு மிஷின்), வயர் கழற்றிய நிலையில்.]

வணக்கம். கோத்தகிரி, குன்னூர் பக்கம் பெரிய மழை ஐப்பசியில்தான். அதற்கு முன்னால், புரட்டாசியிலேயே, ஓட்டுக் கூரையில் உளுத்த ரீப்பர்களை மாற்றியாக வேண்டும். தச்சர் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் அவர் சொல்லும் நாளுக்கு மழை காத்திருப்பதில்லை. அதனால் வீட்டுக்காரர்களே மிஷின் வாங்கியோ வாடகைக்கு எடுத்தோ அறுக்கத் தொடங்கிவிட்டார்கள். இந்த வீடியோ அவர்களுக்காக.

இது 7 அங்குல பிளேடு. நிமிடத்துக்குச் சுமார் 5,500 சுற்று. 24 பல் பிளேடு என்றால் விநாடிக்கு 2,200 பல் ஒரே இடத்தைக் கடந்து போகிறது. பல்லின் முனை ஓடும் வேகம் மணிக்கு ஏறக்குறைய 190 கிலோமீட்டர். ஏதோ தப்பு என்று மூளைக்குத் தெரிந்து விரல் சுவிட்சை விடுவதற்குக் கால் விநாடி ஆகும். அதற்குள் பிளேடு இருபது முறைக்கு மேல் சுற்றிவிடும். ஆகவே "உஷாராக இருந்தால் போதும்" என்கிற பேச்சை இங்கேயே விட்டுவிடுவோம். மிஷினை ஓட்டுவதற்கு முன்னால் செய்து வைக்கிற ஏற்பாடுதான் கையைக் காப்பாற்றும்.

[காட்சி: பிளேடுக்கு அருகில் கேமரா. விரலால் பிளேடை மெல்லச் சுற்றிக் காட்டுகிறோம். பிளக் தனியாகத் தரையில் தெரிகிறது.]

பிளேடு சுற்றும் திசையைக் கவனியுங்கள். முன்பக்கப் பற்கள் கீழிருந்து மேலே ஏறி மரத்தைக் கடிக்கின்றன. பின்பக்கப் பற்கள் மேலிருந்து கீழே இறங்குகின்றன. மரத்தில் விழுந்த பிளவு விரிந்தே இருக்கும்வரை பின்பற்களுக்கு வேலையே இல்லை, சும்மா காற்றில் இறங்கிப் போகும். பிளவு கொஞ்சம் இறுகினால் கதை மாறிவிடும். பின்பல் மரத்தில் ஊன்றுகிறது. மரம் கனமானது, நகராது. அப்போது நகரப்போவது மிஷின்தான்: மேலே கிளம்பி, பின்னால், உங்கள் பக்கமாக. இதைத்தான் எகிறுகிறது, உதைக்கிறது என்கிறோம். மிஷினைப் பிடித்திருக்கும் கையைவிட, பின்னால் பலகையை அழுத்திக்கொண்டிருக்கும் இன்னொரு கைக்கும் தொடைக்கும்தான் ஆபத்து அதிகம்.

பிளவு எதனால் இறுகுகிறது? பெரும்பாலும் நாம் பலகையை வைக்கும் விதத்தால்.

[காட்சி: இரண்டு ஸ்டூல்கள். இரு முனையிலும் தாங்கிய நீளப் பலகை. நடுவில் கைரம்பத்தால் பாதி அறுத்துக் காட்டுகிறோம்.]

நம் ஊரில் இப்படித்தான் வைப்பார்கள். இந்த ஸ்டூலில் ஒரு முனை, அந்த ஸ்டூலில் ஒரு முனை, நடுவில் வெட்டு. இப்போது பிளவைப் பாருங்கள். பாதி ஆழம் போனதும் பலகை தன் எடையால் நடுவில் தொய்கிறது. தொய்ந்தால் மேல்வாய் மூடுகிறது. மேலே ஒரு நாணயம் நுழைந்த இடத்தில் இப்போது காகிதம்கூட நுழையவில்லை. கைரம்பம் என்றால் இறுகிப்போய் நிற்கும், எண்ணெய் தடவிப் பார்ப்போம், திட்டுவோம், அவ்வளவுதான். மிஷின் என்றால் அந்த நிமிடமே எகிறிவிடும்.

சரியான முறை இது. தரையில் நான்கு ரீப்பர்களைக் குறுக்கே போடுங்கள். வெட்டுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு, நடு இரண்டும் கோட்டுக்கு அருகிலேயே. பலகையை அதன்மேல் படுக்க வைத்து அறுத்தால் வெட்டு முடிந்த பிறகும் இரண்டு துண்டும் அசையாமல் கிடக்கும். சின்னத் துண்டாக வெட்டி எடுக்க வேண்டுமென்றால் மேசை விளிம்பில் கிளாம்ப் போட்டு, போகிற துண்டை வெளியே நீட்டிவிடுங்கள். அது தானாக விழட்டும். விழப்போகிறதே என்று இன்னொருவர் ஓடிவந்து அடியில் தாங்கிப் பிடித்தால், அவர் உதவி செய்யவில்லை, பிளவை மூடுகிறார்.

பிளேடின் ஆழத்தையும் சரிசெய்யுங்கள். பலகையின் அடியில் ஒரு பல் அளவு, அதாவது 6 மில்லிமீட்டருக்குள், வெளியே தெரிந்தால் போதும். முழு பிளேடையும் இறக்கினால் மரம் பிடிப்பதற்கு அதிக இரும்பைக் கொடுக்கிறோம் என்று பொருள். நிற்கும்போது பிளேடின் நேர்க்கோட்டில் நிற்காமல் ஒரு பக்கமாக, இரண்டு கையாலும் பிடித்து நில்லுங்கள். மிஷின் திணறினால் சுவிட்சை விட்டு, பிளேடு முழுக்க நின்ற பிறகுதான் வெளியே எடுக்க வேண்டும். ஓடும்போது பின்னால் இழுப்பதுதான் மிகப் பெரிய தப்பு.

[காட்சி: கற்பூர மரப் பலகை. நீளவாக்கில் அறுத்த பிளவுக்குள் சிறு ஆப்பு.]

அடுத்தது நீலகிரிக்கே உரிய சங்கதி. 1843-இல் ஊட்டியில் நட்டுப் பார்த்த கற்பூர மரம், அதாவது யூகலிப்டஸ், இன்று மலை முழுக்க இருக்கிறது. சட்டத்துக்கும் பலகைக்கும் மலிவாகக் கிடைக்கும். ஆனால் வேகமாக வளர்ந்த இந்த மரத்துக்குள் இறுக்கம் பூட்டி வைத்ததுபோல இருக்கும். தண்டின் வெளிப்பகுதி இழுபட்டும் உள்பகுதி நெரிபட்டும் நிற்கிறது. நீளவாக்கில் அறுக்கும்போது அந்த இறுக்கம் விடுபடுகிறது. சில பலகை வில்லாக விரியும், சில பலகை இறுகிக்கொள்ளும். எது எப்படிப் போகும் என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் ஓர் அடி, ஒன்றரை அடி அறுத்ததும் மிஷினை நிறுத்தி, பிளவில் ஓர் ஆப்பைச் செருகிவிட்டுத் தொடருங்கள். சில மிஷின்களில் பிளேடுக்குப் பின்னால் மெல்லிய தகடு ஒன்று நிற்கும். அது செய்வதும் இந்த ஆப்பின் வேலைதான், அதைக் கழற்றி எறியாதீர்கள். பச்சை மரம் இன்னும் மோசம். ஈரத்தூள் பிளவிலும் மிஷின் மூடியிலும் அப்பிக்கொள்ளும். சில்வர் ஓக் மரம் இந்த விஷயத்தில் எவ்வளவோ சாது.

இங்கே பேசுவது வாங்கிவந்த மரத்தை அறுப்பது பற்றி மட்டும். நிற்கிற மரத்தை வெட்ட மலைப்பகுதியில் 1955-ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும், அது தனிக் கதை.

[காட்சி: கீழ்மூடியை இழுத்து விடுகிறோம். 'டக்' என்று மூடும் ஓசை.]

இந்தக் கீழ்மூடி ஸ்பிரிங்கில் ஓடுகிறது. மரத்துக்குள் நுழையும்போது திறந்து, வெளியே வந்ததும் மூடிக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் வேலைக்கு முன் இப்படி இழுத்து விட்டுப் பாருங்கள். மெதுவாக நகர்ந்தால் உள்ளே தூள். பிளக்கைக் கழற்றிவிட்டு பிரஷ்ஷால் தட்டுங்கள். "தொந்தரவா இருக்கு" என்று கம்பி போட்டு மூடியைத் தூக்கிக் கட்டி வைத்திருப்பவர்கள் நிறைய பேர். வாடகை மிஷின் எடுக்கும்போது காசு கொடுப்பதற்கு முன் இந்த ஓசையைக் கேளுங்கள். கேட்கவில்லையென்றால் வேறு மிஷின் கேளுங்கள்.

[கேமராவுக்குப் பின்னாலிருந்து குரல்: "அண்ணா, எங்க பக்கம் எல்லாரும் மார்பிள் கட்டர்லதான் மரம் அறுக்கறாங்க. ஒண்ணும் ஆகலையே?"]

தெரியும் தம்பி. இங்கேயும் அப்படித்தான். விலை குறைவு, கைக்கு அடக்கம். ஆனால் அது கல் தேய்க்கப் பிறந்த மிஷின். நிமிடத்துக்கு 12,000 சுற்றுக்கு மேல் ஓடும். அதில் பல் பிளேடைப் போட்டால் அடியில் மூடிக்கொள்ளும் மூடி கிடையாது. அறுத்து முடித்துக் கீழே வைக்கும்போதும் பிளேடு அம்மணமாகச் சுற்றிக்கொண்டிருக்கும், தரையில் பட்டால் தானாக ஓடும். இரும்பு தேய்க்கிற ஆங்கிள் கிரைண்டரில் மர பிளேடு போடுவது இன்னும் பெரிய விபரீதம். அடித்தட்டும் இல்லாமல், ஒரு பல் கடித்தவுடன் மிஷின் கையிலிருந்து முறுக்கிக்கொண்டு போகும். மார்பிள் கட்டரை விடவே முடியாது என்றால், அந்த வேகத்துக்கு ஏற்ற பிளேடா என்று அதன்மேல் அச்சிட்டிருக்கும் உச்ச வேகத்தையாவது படித்துப் பாருங்கள். கிரைண்டரில் மர பிளேடு வேண்டாம். இதில் நான் சமாதானத்துக்கு வரமாட்டேன்.

இன்னொரு வழக்கம் சர்குலர் சாவைத் தலைகீழாக மேசைக்கு அடியில் திருகி, சுவிட்சில் டேப் சுற்றி, டேபிள் சா, அதாவது மேசைக்கு மேலே பிளேடு நீட்டிக்கொண்டு சுற்றும் மிஷின் ஆக்குவது. பார்க்கச் சாமர்த்தியமாகத் தெரியும். மூடி போயிற்று, நிறுத்த சுவிட்சும் போயிற்று. உண்மையான டேபிள் சாவிலேயே விரல் போகிறது என்றுதான் அமெரிக்காவில் ஸ்டீவ் காஸ் என்பவர், தோல் பட்டதும் 5 மில்லி விநாடிக்குள் பிளேடை நிறுத்தும் சாஸ்டாப் என்கிற அமைப்பை உருவாக்கினார். டேப் சுற்றிய மேசையில் அப்படி எதுவும் இல்லை.

[காட்சி: பூட்டிய சுவிட்ச். எக்ஸ்டென்ஷன் வயர். வெளியே மூடுபனி.]

கரண்ட் விஷயம். சில மிஷின்களில் சுவிட்சை அழுத்திப் பூட்டிவைக்க ஒரு பொத்தான் இருக்கும். அறுக்கும்போது கரண்ட் போகிறது, மிஷினை அப்படியே வைத்துவிட்டு டீ குடிக்கப் போகிறோம், கரண்ட் வருகிறது. ஆளில்லாமல் மிஷின் ஓடத் தொடங்கும். கரண்ட் போனால் முதல் வேலை பிளக்கைப் பிடுங்குவது. மாலையில் வோல்டேஜ் இறங்கும் வீடுகளில் வெட்டின் நடுவே பிளேடு சோர்ந்து நிற்கும், சோர்கிற பிளேடுதான் எகிறும். வேலையைக் காலையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். 1,200 வாட் மிஷின் 5 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். மெல்லிய வயரில் நீளமாக இழுத்தாலும் இதே கதிதான். குறைந்தது 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், சுருளை முழுக்கப் பிரித்துவிட்டு. மூடுபனி சாரலாக விழும்போது திறந்த வெளியில் வேண்டாம். அந்த லைனில் 30 மில்லி ஆம்பியர் கரண்ட் கசிந்தாலே விழும் டிரிப்பர் இருந்தால் நல்லது.

உடை பற்றி மலைக்காரர்களுக்குத் தனியாகவே சொல்ல வேண்டும். மஃப்ளர், சால்வை, தொளதொள ஸ்வெட்டர் கை, கம்பளிக் கையுறை எல்லாம் சுற்றுகிற பிளேடு இழுத்துக்கொள்ளும் சாமான்கள். குளிருக்கு உடம்போடு ஒட்டிய உடுப்பாகப் போடுங்கள். கம்பளிக் குல்லா காதை மூடுவதால் சத்தம் குறைகிறது என்று நினைக்காதீர்கள். இந்த மிஷின் சத்தம் 100 டெசிபெல்லை ஒட்டி இருக்கும், நாள் ஒன்றுக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் வெறும் காதில் கேட்கக்கூடாத அளவு. கண்ணாடி கட்டாயம், மாஸ்க்கும் கட்டாயம். மரத்தூள் மூக்குப் பகுதியில் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே வகைப்படுத்திவிட்டது.

[காட்சி: துணி, பிளாஸ்டிக் பை, ஐஸ், தண்ணீர்ப் பாத்திரம்.]

அப்புறம், விரல் துண்டாகிவிட்டால். அடிபட்ட இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்தி, கையை உயர்த்திப் பிடியுங்கள். துண்டான விரலைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, தண்ணீர் புகாத பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் போட்ட தண்ணீரில் வையுங்கள். ஐஸ் நேரடியாக விரலில் படக்கூடாது, பட்டால் திசு கெட்டுவிடும், ஒட்ட முடியாது. மஞ்சள், டீத்தூள், காபித்தூள் எதுவும் வைக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள், அடிபட்டவரை பைக்கில் ஏற்றி வளைவுகளில் இறக்க வேண்டாம். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர், அங்கிருந்து கோவைக்கு இன்னும் அவ்வளவு தூரம். விரல் ஒட்டும் அறுவை சிகிச்சை கோவையில் செய்கிறார்கள். கிளம்பும்போதே மருத்துவமனைக்கு ஃபோன் செய்து, விரலைக் குளிரில் வைத்துக் கொண்டுவருகிறோம் என்று சொல்லிவிட்டால் அங்கே ஆபரேஷன் தியேட்டரைத் தயாராக வைக்க அவர்களுக்கு நேரம் கிடைக்கும்.