அதே ஒரு சதுர மீட்டர்

அனைவருக்கும் வணக்கம்.

உயர்மலை ஆய்வு என்றதும் கயிறும் பனிக்கோடரியுமாக ஒரு சாகசக்காரர்தான் நினைவுக்கு வருவார். அந்த ஆள் அங்கே பெரும்பாலான நேரம் குப்புறப் படுத்துக்கொண்டு, ஒரு சதுர மீட்டர் நிலத்தில் செடி எண்ணிக்கொண்டிருப்பார். அந்த எண்ணும் வேலையைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

1802 ஜூனில், இன்றைய ஈக்வடாரில் உள்ள சிம்போராசோ மலையில் ஜெர்மன் இயற்கை ஆய்வாளர் ஹம்போல்ட்டும் பிரெஞ்சுத் தாவரவியலாளர் பான்ப்ளானும் ஏறினார்கள். உச்சியைத் தொடவில்லை. ஆனால் மலையைக் குறுக்காக வெட்டியதுபோல ஒரு படம் வரைந்து, எந்த உயரத்தில் எந்தச் செடி என்று அதன்மீதே பெயர்களை எழுதி, 1807-இல் வெளியிட்டார் ஹம்போல்ட். 2012-இல் ஒரு குழு அந்தப் படத்தோடு அதே மலைக்குப் போனது. தாவரங்கள் சராசரியாக 500 மீட்டருக்கும் மேலே ஏறிவிட்டன என்று 2015-இல் அறிவித்தது. புவி சூடாவதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

அப்புறம் 2019-இல் வேறொரு குழு ஹம்போல்ட்டின் பழைய குறிப்புகளைத் துருவியது. படத்தின் மேல்மட்டத்தில் இருந்த செடிகளில் பல, சிம்போராசோவில் பறித்தவையே அல்ல. ஆன்டிசானா என்ற இன்னொரு எரிமலையில் சேகரித்தவை. அங்கே போய் ஒப்பிட்டபோது, ஏற்றம் 215 முதல் 266 மீட்டர் என்று கணக்கு பாதியாகிவிட்டது. செடிகள் ஏறியது பொய்யில்லை, அளவுதான் தவறு. ஹம்போல்ட்டைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் ஒரு கருத்தை விளக்கப் படம் வரைந்தார். அதை அளவுநாடாவாக நினைத்துக்கொண்டது நாம்.

இப்போது இடம் குறிப்பதில் இவ்வளவு பிடிவாதம் காட்டுவது இதனால்தான். 2001-இல் ஐரோப்பாவில் தொடங்கி இன்று பல கண்டங்களில் நடக்கும், மலையுச்சிச் செடிகளைத் தொடர்ந்து கண்காணிக்கும் குளோரியா திட்டத்தைப் பாருங்கள். உச்சியிலிருந்து 5 மீட்டர் கீழே, நான்கு திசையிலும், மூன்றுக்கு மூன்று மீட்டரில் ஒரு கட்டம். அதன் மூலைகளில் உள்ள ஒவ்வொரு சதுர மீட்டரிலும் எல்லாச் செடியும் பதிவாகும். மண்ணில் 10 சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரு வெப்பமானியைப் புதைத்துவிட்டு வருவார்கள். சில ஆண்டுகள் கழித்து அதே கட்டத்துக்குத் திரும்ப வேண்டும். ஒரு சாண் தள்ளிப் போட்டாலும் போச்சு. எப்போதும் அங்கேயே இருந்த செடி "புதிதாக வந்த" செடியாகிவிடும்.

ஒரு சாணுக்கு இவ்வளவா என்று கேட்கலாம். ஒரு கிலோமீட்டர் ஏறினால் காற்று சுமார் 6 டிகிரி குளிரும் என்று படித்திருப்போம். ஆனால் மலைமேல் ஒரு பாறையின் வெயில் பக்கத்துக்கும் நிழல் பக்கத்துக்கும் நடுவே, சில மீட்டரிலேயே, பல நூறு மீட்டர் ஏறி இறங்கியதற்குச் சமமான வித்தியாசம் இருக்கும். தரையோடு தரையாக மெத்தைபோல் வளரும் சிலீன் அகாலிஸ் போன்ற செடிகள், காற்றைத் தடுத்து வெயிலின் சூட்டைத் தமக்குள் பிடித்துவைக்கின்றன. பூச்சிகள் அதில் ஒதுங்கும், வேறு செடிகளின் விதை அதன் நடுவே முளைக்கும். இந்த மெத்தைகளில் சில 300 வயதைத் தாண்டியவை. அதாவது, நீங்கள் இன்று எண்ணும் செடி, ஹம்போல்ட் மலையேறுவதற்கு முன்பே முளைத்ததாக இருக்கலாம். அது அங்கே இருக்கிறது என்பதால், இன்றைய தட்பவெப்பம் அதற்கு ஒத்துப்போகிறது என்று சொல்லிவிட முடியாது. அதன் பக்கத்தில் கன்று ஏதாவது முளைத்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

சரி, செடியாவது நின்ற இடத்தில் நிற்கும். விலங்கு நிற்காதே. கூண்டில் சிக்கவில்லை என்றால் அது அங்கே இல்லையா, அல்லது அன்றிரவு வரவில்லையா?

இங்கேதான் எனக்கு அமெரிக்க விலங்கியலாளர் ஜோசப் கிரின்னல்மீது பெரிய மரியாதை. கலிபோர்னியாவின் யோசெமிட்டி மலைப்பகுதியில் 1914 முதல் 1920 வரை அவருடைய குழு எலி, அணில் போன்ற சிறு பாலூட்டிகளைக் கணக்கெடுத்தது. இந்த மாதிரிக் குறிப்புகளின் மதிப்பு தெரியப் பல ஆண்டுகள், ஒருவேளை ஒரு நூற்றாண்டுகூட ஆகலாம் என்று 1910-லேயே எழுதிய மனிதர் அவர். கிட்டத்தட்ட அப்படியே நடந்தது. 2003-இல் தொடங்கி அதே இடங்களில் மறுபடி கூண்டு வைத்தார்கள். ஆராய்ந்த 28 இனங்களில் பாதியின் எல்லை சராசரியாகச் சுமார் 500 மீட்டர் மேலே போயிருந்தது.

இந்த முறை கணக்கு தவறாகவில்லை. எந்த இடத்தில், எத்தனை கூண்டு, எத்தனை இரவு என்று பழைய குறிப்பேடுகளில் இருந்தது. எதுவுமே சிக்காத இரவுகளையும் எழுதி வைத்திருந்தார்கள்.