மஞ்சள் கடவையில் கார் மோதியது: அன்று நான் செய்யாமல் விட்டவை

எல்லாருக்கும் வணக்கம். இப்போது நான் நிற்பது கொழும்பு வெள்ளவத்தை, மரைன் டிரைவ். பின்னால் ரயில் போகிறது, அது போய் முடியட்டும்... சரி, இப்போது கேட்கும் என்று நினைக்கிறேன்.

இந்தச் சனலில் சாப்பாட்டுக் கடை, கோயில் திருவிழா, சேலைக் கடை இதெல்லாம்தான் பார்த்திருப்பீர்கள். நவம்பரில் இருந்து ஏன் வீடியோ வரவில்லை என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஒரு கார் என்னை மோதியது. கால் எலும்பு உடைந்து வீட்டில் கிடந்தேன். அந்த விபத்தை விட, அதற்குப் பிறகு வந்த பத்து நிமிடத்தில் நான் நடந்துகொண்ட விதம்தான் எனக்கு இன்றைக்கும் மனதை உறுத்துகிறது. அதைச் சொல்லத்தான் இந்த வீடியோ.

மாலை ஆறரை இருக்கும், மழை விட்டிருந்தது. காலி வீதியில், அதுதான் கோல் ரோட்டில், ஆட்கள் நடந்து கடக்கிற மஞ்சள் கடவையில் இறங்கினேன். பஸ் ஒன்று எனக்காக நின்றது, டிரைவர் கையைக் காட்டி "போங்கோ" என்றார். நானும் பஸ்ஸுக்கு முன்னால் நடந்தேன். பஸ் ஏன் நிற்கிறது என்று யோசிக்காமல் அதன் வலது பக்கத்தால் வெட்டிக்கொண்டு ஒரு கார் வந்தது. பஸ் மறைத்ததில் அவருக்கு நான் தெரியவில்லை, எனக்கு அவர் தெரியவில்லை. பிரேக் சத்தம் கேட்டது, வலது முழங்காலில் இடி விழுந்த மாதிரி இருந்தது, கையில் இருந்த பையிலிருந்து தோடம்பழம் எல்லாம் வீதியில் உருண்டது. இப்போதும் ஈரத் தாரில் உருண்ட அந்தப் பழங்கள்தான் முதலில் ஞாபகம் வருகின்றன.

சனம் கூடிவிட்டது. காரில் இருந்து இறங்கியவர் பயந்துபோய் நின்றார், பார்க்கப் பாவமாக இருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? எழும்பி, சட்டையைத் தட்டி, சிங்களத்தில் "கமக் நே, கமக் நே", பரவாயில்லை, ஒன்றுமில்லை என்றேன். அவர் ஐயாயிரம் ரூபாயைக் கையில் திணித்து, ஒரு துண்டில் போன் நம்பர் எழுதித் தந்துவிட்டுப் போய்விட்டார். கார் நம்பரை நான் பார்க்கவே இல்லை. நொண்டி நொண்டி வீட்டுக்கு நடந்தும் வந்துவிட்டேன்.

இரவு இரண்டு மணிக்கு முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. கட்டிலில் இருந்து காலை எடுத்து வைக்க முடியவில்லை. விடியப் பக்கத்து வீட்டு அண்ணாவின் ஓட்டோவில் போய் எக்ஸ்ரே எடுத்தால், முழங்காலுக்குக் கீழே எலும்பின் தலைப்பகுதி உடைந்திருக்கிறது. காரின் பம்பர் சரியாக அந்த உயரத்தில்தான் வந்து இடிக்குமாம், நடந்துபோகிறவர்களுக்கு இந்த உடைவு அடிக்கடி வரும் என்று டொக்டர் சொன்னார். துண்டில் இருந்த நம்பருக்கு எடுத்தோம், அது பாவனையில் இல்லை.

உடைந்த எலும்போடு எப்படி நடந்தேன் என்று கேட்டேன். அதிர்ச்சி வந்த நேரம் உடம்பு சுரக்கிற அட்ரினலின் வலியை மறைத்துவிடும் என்றார்கள். ஆகவே விழுந்த இடத்தில் "எனக்கு ஒன்றுமில்லை" என்று சொல்ல உங்களால் முடியாது. அந்த நேரம் உங்களுக்கே தெரியாது. தயவுசெய்து அந்த வார்த்தையைச் சொல்லாதீர்கள். "டொக்டரிடம் காட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று மட்டும் சொல்லுங்கள்.

சரி, மோதினால் முதலில் என்ன செய்வது? உணர்வு இருந்து, கழுத்தும் முதுகும் வலிக்காமல், நகர முடிந்தால் மட்டும் வீதியை விட்டு ஓரத்துக்கு வாருங்கள். இல்லையென்றால் கிடந்த இடத்திலேயே கிடப்பதுதான் பாதுகாப்பு, மற்ற வாகனங்களை மறிக்கச் சொல்லிச் சனத்திடம் கேளுங்கள். நம் ஆட்களுக்கு நல்ல மனம், நான்கு பேர் கையையும் காலையும் தூக்கி ஓட்டோவில் ஏற்றிவிடுவார்கள். முள்ளந்தண்டில் அடி பட்டிருந்தால் அந்தத் தூக்கலிலேயே கால் வழங்காமல் போகலாம். 1990க்கு எடுங்கள். சுவசரிய அம்புலன்ஸ், காசு இல்லை, தமிழில் கதைக்கலாம். 2016இல் இந்திய உதவியோடு மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் தொடங்கியது, இப்போது நாடு முழுக்க ஓடுகிறது. பொலிஸுக்கு 119.

இன்னொன்று, விழுந்தவருக்குச் சோடா, தண்ணீர், தேத்தண்ணீர் ஒன்றும் கொடுக்க வேண்டாம். அன்றைக்கு எனக்கும் ஒரு அம்மா ஓடிவந்து சோடா உடைத்துத் தந்தார், அவ்வளவு அன்பு. ஆனால் உடனே சத்திரசிகிச்சை செய்ய வேண்டி வந்தால், வயிற்றில் ஏதும் இருக்கும்போது மயக்க மருந்து கொடுப்பது ஆபத்து. உதடு காய்ந்தால் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள், போதும்.

தலையில் அடிபட்டால் இதை வடிவாகக் கேளுங்கள். ஒரு நிமிடம் மயங்கிக் கிடந்து, எழும்பி நன்றாகக் கதைத்து, சில மணி நேரத்தில் சரிந்து விழுகிறவர்கள் இருக்கிறார்கள். மண்டையோட்டுக்கு உள்ளே இரத்தம் மெல்ல மெல்லச் சேர்வதால் அப்படி நடக்கும். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகிற தலையிடி, எழுப்பினாலும் எழும்பாத நித்திரை, சம்பந்தமில்லாத கதை, ஒரு கண்மணி பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் இருப்பது, மூக்காலோ காதாலோ தெளிந்த நீர் வடிவது, இதில் ஒன்று இருந்தாலும் நேரே ஆஸ்பத்திரிக்கு. முதல் இரண்டு நாளும் ஆளைத் தனியே விட வேண்டாம். வயிற்றில் அடிபட்டவர்களையும் கவனியுங்கள், மண்ணீரல் காயம் சில வேளை பிந்தித்தான் காட்டும்.

இப்போது மற்றப் பக்கம். நீங்கள் தரையில் கிடக்கும்போதே யாராவது ஒருவர் போனை எடுத்து நம்பர் பிளேட்டை, கார் நிற்கிற இடத்தை, கடவையை, பிரேக் பிடித்த தடத்தை எல்லாம் படம் எடுக்க வேண்டும். உங்களால் முடியாது, பக்கத்தில் நிற்கிற ஒரு தம்பியிடம் கேளுங்கள். காரின் முன் கண்ணாடியில் வருமான அனுமதிப்பத்திரமும் (வருடா வருடம் எடுக்கிற வாகன லைசன்ஸ்) இன்சூரன்ஸ் கார்டும் இருக்கும். கிட்டப் போய் அந்த இரண்டையும் வாசிக்கத்தக்க மாதிரி எடுத்தால், கம்பனிப் பெயரும் பொலிசி நம்பரும் கைக்கு வந்துவிடும். நம் நாட்டில் மூன்றாம் தரப்புக் காப்புறுதி இல்லாமல் வாகனத்தை வீதிக்கு இறக்கவே முடியாது. அந்தக் காப்புறுதியே நம்மைப் போல வீதியில் போகிறவர்களுக்காகத்தான்.

பயந்து நிற்கிற ஓட்டுனரைப் பார்த்து இரங்குவது நல்ல குணம்தான். ஆனால் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் அவருக்குக் கடமை வைத்திருக்கிறது. அவர் நிறுத்த வேண்டும், பெயரும் விலாசமும் சொல்ல வேண்டும், காயப்பட்டவருக்கு உதவ வேண்டும், பொலிஸுக்கு அறிவிக்க வேண்டும். நீங்கள் முறைப்பாடு போடுவது அவர் மேல் பழி தீர்ப்பது ஆகாது.

இரண்டு மாதத்துக்கு முன் என் சித்தப்பாவையும் மஞ்சள் கடவையில் ஒரு வான் தட்டியது. அந்த முறை எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தோம், அதனால்தான் அடுத்த கதையை என்னால் சொல்ல முடிகிறது. பொலிஸில் முறைப்பாடு பதிந்ததும் சட்ட வைத்தியப் பரிசோதனைக்கு ஒரு படிவம் தருவார்கள். அதைக் கொண்டுபோய்ச் சட்ட வைத்திய அதிகாரியிடம் காட்ட வேண்டும், நம் ஆட்கள் ஜேஎம்ஓ என்பார்கள். காயம் எந்த வகை என்று அவர் எழுதுகிறதை வைத்துத்தான் வழக்கு நடக்கும். எலும்பு உடைந்தால் தண்டனைச் சட்டக்கோவைப்படி அது கடுங்காயம். ஓட்டோவில் போய்த் தனியார் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டால் இந்தப் பரிசோதனை நடக்காமலே போய்விடும். எனக்கு அப்படித்தான் போனது.

வாக்குமூலம் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். சித்தப்பா தமிழில் சொன்னார், அதிகாரி சிங்களத்தில் எழுதினார், கடைசியில் "கையெழுத்து வையுங்கோ" என்று புத்தகத்தைத் திருப்பினார். சித்தப்பா பேனையை எடுத்துவிட்டார். நான் மறித்தேன். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கம், சொல்கிற மொழியிலேயே முறைப்பாட்டை எழுத வேண்டும் என்கிறது. அது முடியாவிட்டால் நீங்களே எழுதிக் கொடுக்கலாம். எந்த மொழியில் எழுதினாலும் உங்களுக்கு விளங்குகிற மாதிரி வாசித்துக் காட்ட வேண்டும். நாங்கள் மரியாதையாகக் கேட்டோம், தமிழ் தெரிந்த ஒரு அதிகாரியை அழைத்து வரி வரியாக வாசித்தார்கள். பார்த்தால், "வீதியைக் கடக்கும்போது" என்று மட்டும் இருந்தது, "மஞ்சள் கடவையில்" என்ற சொல் இல்லை! அந்த ஒரு சொல்லில்தான் முழு வழக்கும் நிற்கிறது. உங்கள் பக்கமும் பிழை இருந்தால் நட்டஈட்டை அந்த அளவுக்குக் குறைக்கலாம் என்று 1968ஆம் ஆண்டிலிருந்து சட்டம் இருக்கிறது. உடனே திருத்தி எழுதினார்கள், அதற்குப் பிறகுதான் கையெழுத்து.

சிசிடிவியைத் தள்ளிப்போட வேண்டாம். எனக்கு மோதிய இடத்துக்கு நேரே ஒரு பார்மசி இருந்தது, கமெராவும் இருந்தது. பதினோராவது நாள் ஊன்றுகோலோடு போனேன். "தங்கச்சி, பத்து நாளுக்கு மேல் நிற்காது, பழையது அழிந்து புதியது பதியும்" என்றார் கடைக்காரர். அன்றைக்கு அந்தக் கடைப் படியில் இருந்து அழுதேன். அடுத்த நாளே யாரையாவது அனுப்பி அந்தத் துண்டை எடுத்து வைக்கச் சொல்லுங்கள், பொலிஸிலும் கமெரா இருப்பதைச் சொல்லுங்கள்.

காசு விஷயத்தில் ஒரு குழப்பம் பலருக்கு இருக்கிறது. நீதவான் நீதிமன்றத்தில் ஓட்டுனருக்கு விதிக்கிற தண்டப்பணம் அரசாங்கத்துக்குப் போகும், உங்கள் கைக்கு வராது. நட்டஈடு வேண்டுமென்றால் இன்சூரன்ஸோடு கதைக்க வேண்டும் அல்லது மாவட்ட நீதிமன்றத்தில் தனி வழக்குப் போட வேண்டும். அந்த வழக்குக்கு இரண்டு வருடம்தான் காலம், விபத்து நடந்த நாளில் இருந்து. கால் சுகமாகட்டும், பிறகு பார்ப்போம் என்று இருந்தால் போய்விடும். வக்கீலுக்குக் காசு இல்லாதவர்கள் புதுக்கடையில் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போகலாம். டயக்னோசிஸ் கார்ட், எக்ஸ்ரே, மருந்துத் துண்டு, ஓட்டோவுக்குக் கொடுத்த காசு, வேலைக்குப் போகாத நாள், எல்லாவற்றையும் ஒரு பைலில் போடுங்கள். காயம் முழுக்க ஆறும் வரை "இத்துடன் எல்லாம் தீர்ந்தது" என்கிற கடிதத்தில் கையெழுத்து வைக்க வேண்டாம். முழங்கால் உடைந்தவர்களுக்கு வருடங்கள் கழித்தும் மூட்டுத் தேய்வு வரலாம், அந்தச் செலவுக்கும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

கடைசியாக, வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இதைச் செய்யுங்கள். இரத்தம் உறையாமல் இருக்க வார்பரின் போல மருந்து எடுப்பவர்களுக்குத் தலையில் சின்ன அடி பட்டாலும் உள்ளே கசிவு வரலாம், அது ஆஸ்பத்திரியில் உடனே தெரிய வேண்டும். நேற்று அம்மாவின் பேர்ஸில் ஒரு சின்ன மட்டையை வைத்தேன். அதில் மருந்தின் பெயர், இரத்த வகை, என் நம்பர், தம்பியின் நம்பர், ஒரு பக்கம் தமிழில், மற்றப் பக்கம் சிங்களத்தில். மழையில் நனையாமல் இருக்க மேலே செலோடேப் ஒட்டியிருக்கிறேன்.