மாடியில் உதிர்ந்தது, கொல்லையில் சிவந்தது: மதுரையில் ரொகோட்டோ மிளகாய்

[திரையில்: அரிவாள்மனைக்குப் பக்கத்தில் ஒரு தட்டு. தட்டில் சின்னத் தக்காளி அளவில் ஒரு சிவப்புக் காய்.]

பார்த்தால் நாட்டுத் தக்காளி மாதிரி இருக்கிறது, இல்லையா? எங்கம்மாவும் அப்படித்தான் நினைத்து ரசத்துக்கு நறுக்கக் கையில் எடுத்துவிட்டார்கள். நல்லவேளை, நான் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன்.

இது மிளகாய். பெயர் ரொகோட்டோ. இப்போது குறுக்கே வெட்டுகிறேன், உள்ளே பாருங்கள். சதை குடைமிளகாய் போலத் தடிமனாக, சாறு சொட்டச் சொட்ட இருக்கிறது. விதை மட்டும் கன்னங்கரேலென்று, கருக விட்ட கத்தரி விதை மாதிரி. மனிதன் பயிர்செய்து பழக்கிய மிளகாய் இனங்கள் மொத்தம் ஐந்து. அதில் கறுப்பு விதை உள்ளது இந்த ஒன்றுதான். பூவும் ஊதா, இலையும் தண்டும் பூனை முதுகு மாதிரி மெல்லிய ரோமம். தாவரவியல் பெயரே கேப்சிகம் ப்யூபெசன்ஸ், அதாவது ரோமமுள்ள மிளகாய். 1799-இல் ருயிஸ், பவோன் என்ற இரண்டு ஸ்பானியத் தாவரவியலாளர்கள் வைத்த பெயர்.

விதையின் நிறத்தை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், நான் ஏமாந்தவன். முதல் தடவை இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் ரொகோட்டோ என்று வாங்கினேன். பாக்கெட்டைப் பிரித்தால் வெள்ளை வெளேரென்று விதை. அப்போது எனக்கு இந்த விஷயம் தெரியாது. நாலு மாதம் தண்ணீர் ஊற்றி வளர்த்த பிறகு வெள்ளைப் பூ பூத்தது, சாதாரண மிளகாய் காய்த்தது. நீங்கள் பாக்கெட்டைப் பிரித்ததும் விதையைப் பாருங்கள். வெளிறி இருந்தால் அது வேறு மிளகாய்.

[திரையில்: பனி மூடிய மலைச்சரிவு. அடுத்த நொடியில் மதுரை, மொட்டை மாடி, பகல் வெயில்.]

ரொகோட்டோவின் சொந்த ஊர் தென்னமெரிக்காவின் ஆண்டீஸ் மலை. பெருவில் ரொகோட்டோ என்பார்கள், பொலிவியாவில் லொகோட்டோ. அங்கே 1500 மீட்டரில் தொடங்கி 3000 மீட்டர் உயரம் வரைக்கும் விளைகிறது. மிளகாய் என்றாலே வெயில் என்று நினைத்துப் பழகியவர்கள் நாம். பக்கத்து ராமநாதபுரத்து முண்டு மிளகாயை எடுத்துக்கொள்ளுங்கள். கரிசலில், அந்தக் காய்ச்சலில், மானாவாரியாகவே விளைந்து 2023-இல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. அதுவும் உருண்டை, இதுவும் உருண்டை. ஒற்றுமை அவ்வளவுதான். முண்டுக்குப் பிடித்த வெயில் ரொகோட்டோவுக்கு ஆகாது. உறைபனியையும் தாங்காது. வருஷம் முழுக்க நம்ம ஊர் மார்கழிக் காலை மாதிரி இருந்தால் அதற்குப் போதும்.

சரி, அப்புறம் மதுரையில் எதற்கு இந்த வேலை? கொடைக்கானலில் இருக்கும் ஒரு நண்பர் வீட்டுத் தோட்டத்தில் இது வேலி மேல் படர்ந்து காய்க்கிறது. அவர்தான் ஒரு பழத்தைக் கொடுத்து, ‘கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்க, வராது’ என்றார். ‘வராது’ என்று சொல்லாமல் இருந்திருந்தால் நான் போட்டிருக்கவே மாட்டேன்.

கணக்கைப் பார்ப்போம். கொடைக்கானல் சுமார் 2100 மீட்டர் உயரம். மதுரை நூற்றுச் சொச்சம் மீட்டர்தான். மேலே போகப் போக ஆயிரம் மீட்டருக்கு ஆறு, ஆறரை டிகிரி குளிர்ச்சி. ஆக, இரண்டு ஊருக்கும் நடுவே ஏறக்குறைய 13 டிகிரி வித்தியாசம். அந்த 13 டிகிரியை நாம் எங்கிருந்தாவது பிடித்தாக வேண்டும். கொஞ்சத்தைக் காலண்டரில் பிடிக்கலாம், கொஞ்சத்தை இடத்தில் பிடிக்கலாம். மீதியை விட்டுவிட்டு, காய் குறைவாகத்தான் வரும் என்று ஒத்துக்கொள்ளலாம்.

முதலில் காலண்டர். இந்தச் செடி ரொம்ப நிதானம். விதை முளைக்கவே இரண்டிலிருந்து நாலு வாரம். முளைத்த பிறகு பூ வர நாலைந்து மாதம். பூ பிஞ்சாகி, முற்றி, பழுக்க இன்னும் இரண்டரை, மூன்று மாதம். அதனால் விதைக்கிற நாளைப் பார்த்துத் தொடங்காதீர்கள். பூக்கிற நாளை முதலில் குறித்துக்கொண்டு அங்கிருந்து பின்னால் எண்ணுங்கள். மதுரையில் பகல் 30 டிகிரியை ஒட்டியும், ராத்திரி 20, 21 வரைக்கும் இறங்குவது கார்த்திகை, மார்கழி, தையில்தான். பூ அப்போது வர வேண்டும். அப்படியானால் விதை ஆனி மாதம் போட வேண்டும். ஆனியில் வெளியே அனல் வீசும். அதனால் நாற்றுத் தட்டு வீட்டுக்குள், ஜன்னலோரம். தென்னைநார்த் தூளும் மண்புழு உரமும் பாதிக்குப் பாதி போதும். நாலு இலை வந்ததும் சின்னத் தொட்டிக்கு, ஆவணி கடைசியில் பெரிய பைக்கு.

இதைச் சொன்னபோது அம்மா விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, ‘ஏண்டா, ஆனியில போட்டு பங்குனியில பறிக்கிறதா? இதுக்குப் பிள்ளையே பெத்துடலாமே’ என்றார்கள். கணக்கு சரிதான்.

[திரையில்: மாடிக் கைப்பிடிச்சுவர், இருட்டு. ஒரு கை சுவரைத் தொடுகிறது.]

அடுத்தது இடம். இதில்தான் ஒரு வருஷத்தைத் தொலைத்தேன். மாடித்தோட்டம் என்ற ஆசையில் பைகளை மாடியில் வைத்தேன். மேலே பச்சை நிழல்வலையும் கட்டியிருந்தேன். செடி தளதளவென்று வந்தது, ஐப்பசியில் பூவும் வந்தது. ஊதாப் பூ, நடுவில் வெள்ளை, தலை கவிழ்ந்து தொங்கும். அத்தனை அழகு. ஆனால் ஒன்றுகூட நிற்கவில்லை. பூக்காம்பு சேருமிடம் முதலில் மஞ்சளாகும். மறுநாள் விரல் பட்டாலே கழன்று கையோடு வந்துவிடும். தேங்காய்ப்பாலும் மோரும் புளிக்கவைத்த தேமோர்க் கரைசல் தெளித்தேன், மீனும் வெல்லமும் ஊறவைத்த மீன் அமிலம் கொடுத்தேன். உதிர்வது உதிர்ந்துகொண்டே இருந்தது.

ஒரு நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு மேலே போனவன் சும்மா சுவரில் கை வைத்தேன். தோசைக்கல்லை இறக்கி வைத்த மாதிரி இன்னும் சூடு. நிழல்வலை பகல் வெயிலைத்தான் மறைக்கும். பகல் முழுக்கக் குடித்த சூட்டைத் தளம் ராத்திரி முழுக்கக் கக்கும், அதை எந்த வலையும் தடுக்காது. மிளகாய்ப் பூவின் மகரந்தம் சூட்டில் செத்துவிடும். ராத்திரியும் ஆறவில்லை என்றால் செடி பூவை வைத்துக்கொள்ளாது, உதறிவிடும். ரொகோட்டோவுக்கு ராத்திரிக் குளிர்ச்சி இல்லாமல் பிஞ்சு நிற்பது சிரமம்.

அடுத்த வருஷம் இரண்டு செடிகளையும் கீழே கொல்லைக்கு இறக்கினேன். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், முருங்கை நிழலில், வெறும் மண் தரை மேல். கிழக்கு வெயில் பத்து மணி வரைக்கும் விழும், அப்புறம் முருங்கை இலை வழியாகச் சல்லடையாக விழும். பையைச் சுற்றி ஈரச் சாக்கு. சாயங்காலம் தரையில் ஒரு வாளித் தண்ணீர் தெளிப்பேன். செலவு ஒரு பைசா இல்லை.

பிஞ்சு நின்றது.

[திரையில்: பூவின் அண்மைக்காட்சி. விரல் நுனி காம்பை மெல்லத் தட்டுகிறது.]

இன்னொரு காரியமும் செய்தேன். காலை எட்டிலிருந்து பத்துக்குள் பூக்காம்பை இப்படி இரண்டு தட்டு. மகரந்தத் தூள் உள்ளேயே உதிர்ந்து சூல்முடியில், அதாவது பூவின் பெண் பாகத்து நுனியில், ஒட்டும். ஆனால் ரொகோட்டோவில் சில செடிகள் தன் மகரந்தத்தைத் தானே சரியாக ஏற்றுக்கொள்ளாது. அதனால் ஒற்றைச் செடி வைக்காதீர்கள், இரண்டு வையுங்கள். சின்னத் தூரிகையால் இந்தப் பூவைத் தொட்டு அந்தப் பூவைத் தொடுங்கள். பக்கத்தில் முண்டு மிளகாய் இருக்கிறதே, கலந்துவிடாதா என்று கேட்பீர்கள். கலக்காது. ரொகோட்டோ நம் வீட்டு மிளகாயோடு சேராத இனம். விதை எடுத்து வைப்பவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

உரத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தொழுவுரம், வேப்பம் பிண்ணாக்கு, மாதம் ஒரு கை. தழைச்சத்தை அள்ளிப் போட்டால் இலைதான் வரும். அசுவினியும் செஞ்சிலந்தியும் வரும், இலையின் அடிப்பக்கம் பார்த்து வேப்பெண்ணெய்க் கரைசலைச் சாயங்காலம் தெளியுங்கள். தண்ணீர்தான் கவனம். எங்கள் போர் தண்ணீர் உப்பு, பையின் விளிம்பில் வெள்ளையாகப் பூத்துக்கிடக்கும். ஐப்பசி மழையில் இரண்டு டிரம் பிடித்து வைத்துக்கொண்டேன். ஒரு நாள் காயவிட்டு மறுநாள் குளமாக்கினால் காயின் அடி கருத்துக் குழிந்துபோகும். சுண்ணாம்புச்சத்து காய்க்குப் போய்ச் சேராததன் அடையாளம் அது.

[திரையில்: ஒரே கிளையில் மூன்று காய்கள். ஒன்று பச்சை, ஒன்று அரக்கும் பச்சையும் கலந்தது, ஒன்று முழுச் சிவப்பு.]

இப்போது பழுக்கிற கதை. தை பிறந்ததும் காய் முழு அளவுக்கு வந்துவிட்டது. நல்ல பச்சை, மினுமினுவென்று. இதோ நாளைக்கு, இதோ நாளைக்கு என்று தினமும் போய்ப் பார்க்கிறேன். மாசி பாதி வரைக்கும் அதே பச்சை. இங்கேதான் நிறைய பேர் பொறுமை போய்ப் பறித்துவிடுவார்கள். மாங்காயை வைக்கோலில் மூடுகிற மாதிரி மிளகாயையும் அரிசிப் பானைக்குள் வைத்தால் பழுத்துவிடும் என்று ஒரு நினைப்பு. நானும் இரண்டு காயை வைத்தேன். பத்து நாள் கழித்துப் பச்சையாகவே சுருங்கிக் கிடந்தன.

மாங்காயும் வாழையும் தக்காளியும் முற்றிய பிறகு பறித்தாலும் தாமே எத்திலீன் வாயுவைப் பெருக்கிக்கொண்டு பழுக்கும் சாதி. மிளகாய் பெரும்பாலும் அந்தச் சாதி இல்லை. செடியில் இருந்தபடிதான் அது பச்சையத்தைக் கரைத்துச் சிவப்பு நிறமியைச் சேர்க்கத் தொடங்கும். ஆனால் ஒரு முறை தொடங்கிவிட்டால் பறித்தாலும் நிற்காது. அந்தத் தொடக்கத்தைக் கண்டுபிடிப்பதுதான் சூட்சுமம். நடுவில் இருக்கும் காயைப் பாருங்கள். பச்சை முதலில் மங்கி, சேறு பூசின மாதிரி அரக்காகும். பார்க்க அழுகல் மாதிரி இருக்கும், பயந்து தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதற்குள்ளிருந்துதான் சிவப்பு எழும்பும். மூன்றில் ஒரு பங்கு நிறம் மாறிவிட்டால் தாராளமாகப் பறிக்கலாம்.

மதுரையில் பறிப்பதுதான் நல்லது என்றும் சொல்வேன். மாசிக் கடைசியில் வெயில் ஏறிவிடுகிறது. நேர் வெயில் படும் பக்கம் வெளிறி, வெந்த மாதிரி தோல் சுருங்கும். நிறமும் சீராக ஏறாது. அதனால் அரக்கு நிறம் வந்த காயைக் காம்போடு வெட்டி, செய்தித்தாளில் சுற்றி, அடுப்படி அலமாரியின் கீழ்த்தட்டில் வைக்கிறேன். ஒரு வாரம், பத்து நாளில் முழுச் சிவப்பு. பக்கத்தில் ஒரு வாழைப்பழம் வைத்தால் கொஞ்சம் சீக்கிரம் ஆகலாம். ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், குளிரில் நிறம் அப்படியே நின்றுவிடும். தினமும் காம்பு முனையைப் பாருங்கள். சதை தடிமன் என்பதால் பூஞ்சை அங்கேதான் முதலில் பிடிக்கும்.

இரண்டு செடியிலும் சேர்த்து எனக்குக் கிடைத்தது பதினொரு காய். கொடைக்கானல் நண்பரிடம் சொன்னேன். சிரித்துவிட்டு, தன் வீட்டு வாளியைப் படம் பிடித்து அனுப்பினார்.

வத்தல் போட நினைக்காதீர்கள், காய்வதற்குள் அழுகிவிடும். பெருவின் அரெக்கிபா ஊரில் விதையையும் உள்நரம்பையும் வழித்தெடுத்து, காரம் போக வேகவைத்து, கறியும் பாலாடைக்கட்டியும் அடைத்துச் சுடுவார்கள். நாங்கள் இரண்டு முறை வேகவைத்து, தண்ணீரை வடித்து, உருளைக்கிழங்கு மசாலா அடைத்தோம். அப்பா ஒரு வாய் வைத்துவிட்டு மோர்ச் சொம்பைத் தேடினார். மோர் சரியான மருந்துதான், அதிலுள்ள கேசீன் புரதம் காரத்தைப் பிடித்து இழுத்துக்கொள்ளும். நறுக்கிய கையை முதலில் நல்லெண்ணெய் தேய்த்து, பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கண்ணைத் தேய்த்தீர்களோ, அவ்வளவுதான்.

[திரையில்: கொல்லை. கத்தரிக்கோல், செடி, முருங்கை நிழல்.]

இன்றைக்குப் பங்குனி கடைசி வாரம். ரொகோட்டோ பல வருஷம் வாழும் செடி. குளிர்நாடுகளில் பனிக்காலத்தைத் தாண்ட வைக்கப் பாடுபடுவார்கள். நமக்குத் தாண்ட வேண்டியது கத்திரி வெயில். மீதி இருக்கும் பிஞ்சையெல்லாம் கிள்ளிவிடுகிறேன். கிளைகளை முக்கால் அடி விட்டு வெட்டுகிறேன், இதோ இந்தக் கணுவுக்கு மேலே. வெட்டுவாயில் கொஞ்சம் மஞ்சள். பை சுவரோரம், வெயில் படாத மூலைக்கு. ஆடி வரைக்கும் உரம் கிடையாது, மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர். போன கோடையில் இரண்டில் ஒரு செடி பிழைத்தது. நீங்கள் பார்க்கிற இந்தத் தடித்த தண்டு அதுதான்.