கோப்பின் உள்ளே என்ன எழுதியிருக்கிறது?

(தண்டையார்பேட்டையில் ஒரு படிப்பகத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எண்ணூரிலிருந்தும் காசிமேட்டிலிருந்தும் வேலை முடித்த கையோடு வந்திருக்கும் தோழர்களே, தாய்மார்களே, வணக்கம்.

அரசாணை நம் கைக்கு வரும்போது, "கவனமாகப் பரிசீலித்து அரசு ஆணையிடுகிறது" என்று இருக்கும். யார் பரிசீலித்தார்கள், யார் வேண்டாம் என்றார்கள், அமைச்சர் எதைப் பார்த்துச் சரி என்றார்? அதெல்லாம் கோப்பில்தான் இருக்கும்.

கோப்பில் இரண்டு பகுதி உண்டு. வந்த கடிதமும் போன கடிதமும் நடப்புக் கோப்பில். இன்னொன்று குறிப்புக் கோப்பு. உதவிப் பிரிவு அலுவலர் முதலில் எழுதுவார். பிரிவு அலுவலர், சார்புச் செயலாளர், துணைச் செயலாளர், செயலாளர் என்று ஒருவர் எழுதியதன் கீழ் அடுத்தவர் எழுதி, அமைச்சர் கையெழுத்தில் முடியும். 'மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கருத்து இன்னும் வரவில்லை' என்று யாரோ ஒரு வரி எழுதியிருந்தால், அந்த ஒரு வரி போதும் நமக்கு, வழக்கு நடத்த.

அந்த வரி எழுதப்படாமலே போனால்? போனில் சொல்லி வேலையை முடித்துவிட்டால்? இதைத்தான் டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013 அக்டோபரில் கையில் எடுத்தது. வாய்மொழி உத்தரவுகளை அதிகாரிகள் எழுத்தில் பதிவு செய்ய வேண்டும்; செய்யாவிட்டால் தகவல் உரிமைச் சட்டமே பயனில்லாமல் போகும் என்றது. வழக்குப் போட்டவர்கள் ஓய்வுபெற்ற பெரிய அதிகாரிகள். உள்ளே இருந்து பார்த்தவர்கள், அய்யா!

ஒரு தாள் மாறினால் என்ன ஆகும் என்று எண்ணூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1996-இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒப்புதல் தந்த கடற்கரை வரைபடத்தில் எண்ணூர்க் கழிமுகம் பாதுகாக்கப்பட்ட பகுதி. 2017-இல் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டபோது வந்த வரைபடத்தில் கழிமுகத்தையே காணோம். கொசஸ்தலை ஆறு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. இறால் பிடிக்கிறவர் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கிறார். அவர் நிற்கும் இடம் தாளில் இல்லை! பழைய வரைபடம் பத்திரமாக இருந்ததால்தான் இதைக் கேள்வி கேட்கவே முடிந்தது.

எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் 18ஆம் நூற்றாண்டு டச்சுக்காரர்களின் கணக்குகூட இருக்கிறது. வியாபாரத்துக்கு வந்த கம்பெனி எழுதி வைத்தது. நாம் ஓட்டுப் போட்டு அனுப்பிய அமைச்சர் எழுதி வைக்க மாட்டாரா?

தகவல் உரிமைச் சட்டத்தில் கோப்பைக் கேட்டால், "அமைச்சரவைக் குறிப்பு, சட்டத்தின் பிரிவு 8(1)(ஐ), தர முடியாது" என்று பதில் வரும். அந்தப் பிரிவை முழுக்கப் படியுங்கள். முடிவெடுத்து விஷயம் முடிந்த பிறகு அந்த முடிவு, அதன் காரணங்கள், எதன் அடிப்படையில் எடுத்தார்கள் என்ற ஆவணங்கள் எல்லாவற்றையும் வெளியிட வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. பாதியை மட்டும் எழுதி அனுப்புகிறார்கள்.

அதனால் மனுவில் 'அரசாணை நகல்' என்று மட்டும் கேட்காதீர்கள். 'குறிப்புக் கோப்பு உட்பட முழுக் கோப்பின் நகல்' என்று எழுதுங்கள். கோப்பை நேரில் பார்வையிடவும் கேளுங்கள். அதுவும் உங்கள் உரிமை. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் வராவிட்டால், அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

ஞாயிற்றுக்கிழமை காலை இங்கேயே உட்கார்ந்து எழுதலாம். பழைய மனு, தபால் ரசீது, மறுத்து வந்த கடிதம் எதையும் தூக்கிப் போடாமல் எடுத்து வாருங்கள். நன்றி, வணக்கம்.