சைரன் கேட்கும் வரை

(சாலைப் பாதுகாப்பு மாதத்தையொட்டி, சென்னை – திருச்சி நெடுஞ்சாலையோர வணிகர்களும் வாகன ஓட்டுநர்களும் கூடியிருந்த கூட்டத்தில், ஓய்வுபெற்ற அரசு மருத்துவமனைச் செவிலியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

கடையைச் சாத்திவிட்டும் வண்டியை ஓரங்கட்டிவிட்டும் வந்திருக்கும் உங்கள் அனைவருக்கும் என் வணக்கம். முப்பத்தொரு ஆண்டுகள் அவசர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றியவள் நான். அந்தப் பிரிவின் கதவுக்கு உள்ளே நடப்பவற்றைச் சொல்ல இன்று வரவில்லை. கார் நொறுங்கும் சத்தம் கேட்டு நீங்கள் போட்டது போட்டபடி சாலைக்கு ஓடிவரும் கணத்திலிருந்து, 108 வண்டியின் சைரன் தொலைவில் கேட்கும் வரை உள்ள பத்துப் பதினைந்து நிமிடங்களைப் பற்றிப் பேசவே வந்திருக்கிறேன். அந்த நேரத்தில் அங்கே மருத்துவர் கிடையாது, செவிலியர் கிடையாது, நீங்கள்தான் இருக்கிறீர்கள். மூச்சு நிற்காமலும் ரத்தம் வழிந்து தீராமலும் அந்த மனிதர் எங்களிடம் வந்து சேர்ந்தால் எங்களால் எவ்வளவோ செய்ய முடியும். இரண்டில் ஒன்று வழியிலேயே போய்விட்டால், எத்தனை கருவிகள் இருந்தும் கையைப் பிசைந்துகொண்டுதான் நின்றிருக்கிறோம்.

2022ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டுச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கு சொல்கிறது. அவர்களில் 17,884 பேர் தமிழ்நாட்டில் இறந்தவர்கள். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் 64,105 என்ற கணக்கோடு நம் மாநிலமே நாட்டில் முதலிடத்தில் இருந்தது. விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் ஒரு மணி நேரத்துக்குள் தக்க சிகிச்சை கிடைத்தால் இறப்பவர்களில் பாதிப் பேரைக் காப்பாற்றலாம் என்று சட்ட ஆணையம் தன் 201ஆவது அறிக்கையில் எடுத்துக்காட்டியிருக்கிறது. அந்த ஒரு மணி நேரத்தின் தொடக்கம் உங்கள் கையில் இருக்கிறது.

நம் மக்கள் உதவ மனமில்லாதவர்கள் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். அவர்கள் பயந்தவர்கள், அந்தப் பயத்தை ஊட்டியவர்களில் நானும் ஒருத்தி. 1990களின் பிற்பகுதியில் ஓர் இரவு, தொடையில் ஆழமாக வெட்டுப்பட்ட இளைஞர் ஒருவரை ஒரு லாரியில் கொண்டுவந்தார்கள். கிளீனர் தன் தோளிலிருந்த துண்டை மடித்துக் காயத்தின் மேல் வைத்து, ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் தூரமும் இரண்டு உள்ளங்கைகளாலும் அழுத்தியபடியே வந்திருந்தார். அவர் செய்தது எத்தனை பெரிய காரியம் என்பது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும், பெயர் என்ன, ஊர் எது, லாரி எண் என்ன, காவலர் வரும்வரை இங்கேயே நில்லுங்கள் என்று விபத்துப் பதிவேட்டை நீட்டியபடி அவரையும் ஓட்டுநரையும் நிறுத்தி வைத்தேன். ஒரு வாய் தண்ணீர்கூட நான் கொடுக்கவில்லை. நள்ளிரவுக்குப் பிறகு பார்த்தபோது இருவரும் அங்கே இல்லை. குற்றம் செய்தவர்களைப் போல ஓசைப்படாமல் போய்விட்டிருந்தார்கள். இளைஞர் பிழைத்துக்கொண்டார். கட்டு மாற்ற வரும்போதெல்லாம் அவருடைய தாயார், "அந்தப் பிள்ளைங்க யாருன்னு தெரிஞ்சுதாம்மா?" என்று கேட்பார். அதற்கு அடுத்த முறை சாலையில் ஒரு விபத்தைக் கண்டபோது அந்த இருவரும் வண்டியை நிறுத்தினார்களா, மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு கடந்துபோனார்களா என்ற கேள்வி இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை.

அதனால்தான் சட்டத்தை முதலில் சொல்லிவிட விரும்புகிறேன். 1989ஆம் ஆண்டிலேயே, பரமானந்த் கட்டாரா வழக்கில், காயம்பட்டு வருபவருக்குக் காவல்துறை நடைமுறைகளைக் காரணம் காட்டிச் சிகிச்சையை மறுக்கக் கூடாது, உயிரைக் காப்பதே மருத்துவரின் முதல் கடமை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. ஆனால் அழைத்து வருபவருக்கு அப்போது பாதுகாப்பு இருக்கவில்லை. தம்முடைய உறவுக்காரச் சிறுவன் 2007இல் சாலையோரத்தில் உதவியின்றி உயிரிழந்ததையடுத்து பியூஷ் திவாரி தொடங்கிய சேவ் லைஃப் அறக்கட்டளை, 2012இல் உச்ச நீதிமன்றத்தை நாடியது. அதன் பயனாக 2015இல் மத்திய அரசு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 2016 மார்ச் 30 அன்று நீதிமன்றம் அவற்றுக்குச் சட்டத்தின் வலிமையைக் கொடுத்தது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. 2020 செப்டம்பரில் அதற்கான விதிகளும் வந்துவிட்டன.

இவற்றின் பொருளைச் சாதாரணப் பேச்சில் சொல்கிறேன். நல்லெண்ணத்தோடு, எந்தப் பலனும் கருதாமல் உதவ முன்வந்தவர் தம் பெயரையோ முகவரியையோ சொல்ல வேண்டியதில்லை. காவலரோ மருத்துவமனையோ அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. உதவும்போது அறியாமல் பிழை நேர்ந்து காயம்பட்டவருக்கு மேலும் தீங்கு ஏற்பட்டாலும், அவர் மீது வழக்குத் தொடுக்க முடியாது. சாட்சி சொல்ல அவரே விரும்பி ஒப்புக்கொண்டால் மட்டுமே விசாரணை. அதுவும் அவர் விரும்பும் இடத்துக்கு விசாரணை அதிகாரி சாதாரண உடையில் வர வேண்டும். இந்த உரிமைகளை மருத்துவமனையின் வாசலில் எழுதி வைக்க வேண்டும் என்பதும் விதி. விபத்தை ஏற்படுத்திய வாகனத்தின் ஓட்டுநருக்கு மட்டும் இது பொருந்தாது. காயம்பட்டவருக்குச் சிகிச்சை கிடைக்கச் செய்வதும் காவல் நிலையத்துக்குத் தெரிவிப்பதும் அவருடைய சட்டக் கடமைகள்.

செலவுக்கும் பயப்பட வேண்டாம். தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், நம் மாநில எல்லைக்குள் விபத்துக்குள்ளாகும் யாருக்கும், அவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும், திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமின்றிக் கிடைக்கிறது. கொண்டுவந்து சேர்த்தவரிடம் யாரும் பணம் கேட்க முடியாது.

இனி சாலைக்கு வருவோம். சத்தம் கேட்டதும் ஓடுகிறீர்கள். ஓடுவதற்கு முன் ஒரு கணம் நின்று, பின்னால் வரும் வாகனங்களைப் பாருங்கள். இரவில், உதவப் போனவர்கள் மீது அடுத்த வண்டி மோதி, அவர்களையும் எங்களிடம் கொண்டுவந்த நாட்கள் உண்டு. உங்கள் வண்டியின் நான்கு விளக்குகளையும் மின்ன விடுங்கள். விபத்து நடந்த இடத்துக்கு வெகு தூரம் முன்பாகவே ஒருவர் சாலையோரம் நின்று, கைபேசி விளக்கை அசைத்து வாகனங்களை மெதுவாக வரச் செய்யட்டும். மின்கம்பம் சாய்ந்து கம்பி தொங்கினால், மின்வாரியம் மின்சாரத்தைத் துண்டிக்கும் வரை அருகில் செல்லவே கூடாது. காரின் இயந்திரத்தை நிறுத்துங்கள், கைப் பிரேக்கைப் போடுங்கள், சுற்றிலும் யாரும் பீடி பற்ற வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐம்பது பேர் கூடிவிட்ட பிறகும் 108க்கு ஒருவரும் அழைக்காமல் இருந்ததுண்டு. இதை இரக்கமின்மை என்று திட்டுவது எளிது; ஆனால் காரணம் வேறு. 1968இல் ஜான் டார்லி, பிப் லத்தானே என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள், தனித்தனி அறைகளில் இருந்தவர்களை, ஒருவருக்கு வலிப்பு வருவது போன்ற குரலை இண்டர்காம் வழியே கேட்கச் செய்து ஒரு சோதனை நடத்தினார்கள். தான் ஒருவர் மட்டுமே கேட்கிறோம் என்று நம்பியவர்களில் 85 விழுக்காட்டினர் உடனே உதவி தேடி எழுந்தார்கள். இன்னும் நான்கு பேர் கேட்கிறார்கள் என்று நம்பியவர்களில் எழுந்தது 31 விழுக்காடு மட்டுமே. வேறு யாரோ செய்திருப்பார்கள் என்ற நினைப்புதான் கைகளைக் கட்டிப்போடுகிறது. ஆகவே "யாராவது போன் பண்ணுங்கப்பா" என்று கூட்டத்தைப் பார்த்துக் கத்தாதீர்கள். ஒருவரைக் கைகாட்டி, "நீலச் சட்டை தம்பி, நீங்க 108க்குக் கூப்பிடுங்க, பேசிட்டு என்கிட்ட வந்து சொல்லுங்க" என்று சொல்லுங்கள்; அவர் கட்டாயம் செய்வார். அழைப்பவர் எந்தத் திசையில் செல்லும் சாலை, அருகிலுள்ள கிலோமீட்டர் கல்லில் என்ன எண், எத்தனை பேருக்குக் காயம் என்பவற்றைச் சொல்ல வேண்டும். நடுவில் தடுப்புள்ள நான்கு வழிச் சாலையில் திசையைத் தவறாகச் சொன்னால் ஆம்புலன்ஸ் எதிர்ப்பக்கம் வந்து, திரும்புவதற்கே பல கிலோமீட்டர் போக வேண்டியிருக்கும்.

அலறுபவரிடம்தான் கால்கள் முதலில் போகும். அலறுபவருக்கு மூச்சு இருக்கிறது. ஓசையின்றிக் கிடப்பவரிடம் முதலில் செல்லுங்கள். காரில் எத்தனை பேர் வந்தார்கள் என்று பேசக்கூடியவரிடம் கேட்டு எண்ணிப் பாருங்கள். தூக்கி எறியப்பட்ட குழந்தை சாலையோரப் புதருக்குள் கிடந்து, அரை மணி நேரம் கழித்துக் கண்டெடுக்கப்பட்டதை நான் அறிவேன்.

அடுத்து நான் சொல்வது உங்களுக்குக் கடினமாக இருக்கும்: காருக்குள் இருப்பவரை உடனே வெளியே இழுக்காதீர்கள். 108 சேவை 2008இல்தான் தமிழ்நாட்டுக்கு வந்தது. அதற்கு முன் கிடைத்த வண்டியில் ஏற்றிக்கொண்டு பறப்பதே நமக்குத் தெரிந்த ஒரே உதவி. அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. கையையும் காலையும் ஆளுக்கொன்றாகப் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் மடக்கி உட்கார வைக்கும்போது, முறிந்த கழுத்தெலும்பு தண்டுவடத்தை அறுத்துவிடலாம். வாழ்நாள் முழுவதும் கைகால் அசையாமல் போய்விடலாம். தீயோ புகையோ எழுந்தால், வண்டி நீரில் மூழ்கினால், அல்லது மூச்சே இல்லாவிட்டால், அப்போது எப்படியாவது வெளியே எடுத்தாக வேண்டும். மற்ற நேரங்களில் அவர் இருக்கும் இடத்திலேயே உதவி செய்யுங்கள். ஆம்புலன்ஸ் வர மிகவும் தாமதமாகும் என்று 108இலேயே சொன்னால், கடை பெஞ்சையோ கதவுப் பலகையையோ படுக்கையாக்கி, ஒருவர் தலையை மட்டும் பிடித்துக்கொள்ள, மற்றவர்கள் ஒரே நேரத்தில் தூக்க வேண்டும்.

உள்ளே மயங்கி உட்கார்ந்திருப்பவரின் தலை முன்னால் தொங்கி, மோவாய் நெஞ்சில் படிந்திருக்கும். அந்த நிலையில் மூச்சுக்குழல் மடங்கி அடைபடுகிறது; பெரிய காயம் ஏதுமின்றி, இது ஒன்றினாலேயே இறந்தவர்கள் உண்டு. பின் இருக்கையில் ஏறி, இரு கைகளாலும் தலையைப் பக்கவாட்டில் பிடித்து, மெதுவாக நேராக்கி, ஆம்புலன்ஸ் ஊழியர் வாங்கிக்கொள்ளும் வரை அப்படியே தாங்கிப் பிடியுங்கள். காது ஊன்றி மூச்சைக் கேளுங்கள். மூச்சு இல்லையென்றால் தரையில் மல்லாக்கக் கிடத்தி, நெஞ்சின் நடுவில் ஒரு கை மீது மறு கையை வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்துங்கள்.

ரத்தம் பீறிட்டால் வெட்கப்படாமல், அருவருக்காமல் அழுத்துங்கள். நம் உடலில் ஏறத்தாழ ஐந்து லிட்டர் ரத்தம்தான் இருக்கிறது. தொடையின் பெரிய தமனி அறுந்தால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும். கையில் பால் பாக்கெட் உறையை மாட்டிக்கொண்டு, சுத்தமான துண்டை மடித்து வைத்து, உடல் எடை முழுவதும் இறங்கும்படி அழுத்த வேண்டும். நனைந்துவிட்டால் முதல் துணியை எடுக்காமல் அதன் மேலேயே இன்னொன்றை வையுங்கள். அடிக்கடி திறந்து பார்த்தால் உறையத் தொடங்கிய ரத்தம் மீண்டும் வழியும். உடலில் கம்பி குத்தி நின்றால் அதைப் பிடுங்காதீர்கள். அது வெளியே வரும்வரை அதுவே அடைப்பாக இருக்கிறது. காயத்தில் காப்பித்தூள் வேண்டாம். வலிப்பு வந்தால் கையில் இரும்புச் சாவி கொடுப்பதால் பயனில்லை. இடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

சோடாவுக்கு ஓடுபவர்களையும் நிறுத்துங்கள். தண்ணீர் கேட்கிறாரே, கொடுக்காமல் எப்படி இருப்பது என்று நம் மனம் துடிக்கும். ஆனால் அரை மயக்கத்தில் இருப்பவரின் வாயில் ஊற்றும் நீர் நுரையீரலுக்குள் இறங்கும்; வயிற்றில் நீர் இருந்தால் அறுவை சிகிச்சைக்கான மயக்க மருந்தும் ஆபத்தாகும். ஈரத் துணியால் உதட்டை நனைத்து, கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணா, ஆம்புலன்ஸ் வந்துட்டிருக்கு, நான் இங்கேயே இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே இருங்கள். பிழைத்து எழுந்த பலர், வலி மறந்த பிறகும் அந்தக் குரலை மறக்காமல் எங்களிடம் சொல்லியிருக்கிறார்கள்.

வீட்டுக்குத் திரும்பிய பின் கைகளைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள். கையில் முன்பே காயம் இருந்து அதில் ரத்தம் பட்டிருந்தால் அன்றே மருத்துவமனைக்கு வந்து சொல்லுங்கள். சில இரவுகள் தூக்கம் வராது. நீங்கள் அழுத்திய மனிதர் பிழைக்காமலும் போகலாம். நானும் எத்தனையோ பேரை அப்படி இழந்திருக்கிறேன். நடந்ததை வீட்டாரிடமோ நண்பரிடமோ வாய்விட்டுச் சொல்லுங்கள். மனத்துக்குள்ளேயே போட்டுப் புழுங்க வேண்டாம்.

இன்னும் ஒன்று மீதமிருக்கிறது. இரு சக்கர வாகனத்தில் வந்தவரின் தலைக்கவசத்தைத் தனியாளாகக் கழற்றக் கூடாது. மூச்சு அடைபட்டாலொழியக் கழற்றவே வேண்டாம். கழற்ற நேர்ந்தால் ஒருவர் கழுத்தையும் தாடையையும் கீழிருந்து தாங்க, மற்றவர் கவசத்தின் இரு பக்கங்களையும் விரித்து மெல்ல உருவ வேண்டும். இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது, செய்துதான் பார்க்க வேண்டும். மேடையில் பாய் விரித்திருக்கிறோம், கவசமும் இருக்கிறது. முன் வரிசையில் இருக்கும் பஞ்சர் கடைத் தம்பியும், அவருக்குப் பக்கத்தில் அமர்ந்திருக்கும் அம்மாவும் முதலில் மேலே வாருங்கள்.